நல்லாத்தான் சுருங்குது

எங்கள் கிளினிக்கின் உள்ளறையில் ஒரு மேசை இருக்கிறது. அதன் நடுவில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஓட்டை. முதல்முறை பார்க்கிறவர்கள் ஆசாரி தப்புப் பண்ணிவிட்டார் என்று நினைப்பார்கள். நாயை வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, அந்த ஓட்டை வழியாகக் கீழேயிருந்து நெஞ்சில் ப்ரோப் என்ற கைக்கருவியை வைத்து எக்கோ பார்க்க வேண்டும். அப்படிப் படுத்தால் இதயம் சரிந்து விலா எலும்பை ஒட்டி வரும், நுரையீரலின் காற்று குறுக்கே வந்து படத்தைக் கெடுக்காது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து மேசைக்கு அடியில் கையை விட்டு, கண்ணைத் திரையில் வைத்துக்கொள்வேன். மாட்டுக்குச் சினை பார்ப்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான், கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். நாமக்கல் கால்நடைக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவளுக்கு இது பழகிய வேலை.

சொந்தக்காரர்களுக்கு நான் இன்றைக்கும் மாட்டு டாக்டர்தான். ஷார்ஜாவில் நாய்க்கு எக்கோ எடுக்கிறேன் என்றால் சிரிப்பார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் என் சின்ன மாமனார் எல்லோர் முன்னாலும், "நாய்க்கெல்லாமா ஹார்ட் பாக்கறீங்க?" என்று கேட்டார். "நாய்க்கு இருக்கறது நிச்சயமுங்க மாமா, சில மனுசங்களுக்குத்தான் சந்தேகம்" என்றேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இந்தக் கதையில் வருகிறவளிடமும் அது சும்மா இருக்கவில்லை.

அவள் கன்னியாகுமரிக் கடற்கரைப் பக்கம். என்னைவிடக் கொஞ்சம் இளையவள் என்பதால் அவள் என்றே எழுதுகிறேன். ஷார்ஜாவில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்கோ டெக்னீஷியன். அதற்கு முன்பு சவுதியில், தம்மாமில் அதே வேலை. மனிதர்களின் இதயத்தைத் திரையில் பார்த்து அளப்பதுதான் அவளுடைய பிழைப்பு. ஷார்ஜாவின் ரோலா பகுதியில் பழைய கட்டிடம் ஒன்றில் குடியிருந்தாள். கணவர் ராஸ் அல் கைமாவில் ஓடு செய்யும் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்தார், தொழிலாளர் கேம்பில் தங்கி, விடுமுறைக்கு மட்டும் ரோலாவுக்கு வருவார். குழந்தைகள் இல்லை.

அவள் கொண்டுவந்தது ஒரு வெள்ளை பொமரேனியன், வயதான பெட்டை. ஊருக்கு விமானத்தில் கொண்டுபோக வேண்டும், உடம்பு தகுதியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்று கேட்டாள். அவசரத்தில் இருந்தாள். வேலையை ராஜினாமா செய்தாகிவிட்டது, மாதக் கடைசியோடு டியூட்டி முடிகிறது, விசா ரத்தாகப் போகிறது.

ஸ்டெதஸ்கோப்பை வைத்ததுமே எனக்குக் காது கூசியது. லப்-டப் என்று இரண்டாகக் கேட்க வேண்டிய இடத்தில், பிரஷர் குக்கர் ஆவி விடுகிற மாதிரி ஒரே இழுப்பாக ஒரு சத்தம். விரலை நெஞ்சில் வைத்தால் அந்தச் சத்தம் விரலிலேயே அதிர்ந்தது.

"இருமல் இருக்குதுங்களா?" என்றேன்.

"படுத்தா கொஞ்சம் இருமும் டாக்டர். ஏசி ஒத்துக்கிடல."

இந்த ஊரில் எந்த நோய்க்கும் ஏசிதான் குற்றவாளி. எக்கோ எடுக்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. பயப்படுவாள் என்று பார்த்தால், கடைக்குப் போன இடத்தில் சொந்த ஊர்க்காரரைப் பார்த்தவள் மாதிரி ஆகிவிட்டாள். எக்கோ என்றால் அவள் தினமும் நெய்கிற தறி அல்லவா.

உதவியாளர், பெஷாவர்க்காரர், நாயின் காலைப் பிடித்துக்கொண்டு "பஸ் பேட்டா, பஸ்", போதும் கண்ணு போதும் என்று உருதுவில் காதருகே சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் குரலுக்கு எப்பேர்ப்பட்ட நாயும் அடங்கும். நான் விலாவில் ஒரு கட்டம் முடியை மழித்து ஜெல்லைத் தடவி, அடியிலிருந்து ப்ரோப்பை வைத்தேன். அவள் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். "நாங்க இடப்பக்கம் சாய்ச்சு மேல இருந்து வைப்போம். இங்க எல்லாம் தலைகீழால்லா இருக்கு" என்று சிரித்தாள்.

திரையில் இதயம் வந்தது. கீழறை படபடவென்று சுருங்கி விரிந்தது. ஒவ்வொரு சுருக்கத்திலும் இரு பக்கச் சுவர்களும் கிட்டத்தட்ட ஒன்றை ஒன்று தொட்டன.

அவள் என் ஸ்டூலுக்குப் பின்னால் வந்து நின்றாள். "எம்மாடி, எப்படிச் சுருங்குது பாருங்க! நல்லாத்தான் சுருங்குது டாக்டர், நல்லாத்தான் சுருங்குது" என்றாள். நான் ஒரு படத்தை நிறுத்தி மேலறையை அளந்தேன். இரண்டரை சென்டிமீட்டரை ஒட்டி வந்தது. அதையும் அவளே படித்தாள். "ரெண்டரைதானே? எங்க ஆளுங்களுக்கு நாலு வரைக்கும் நார்மல். ஒண்ணும் வீங்கல, கேட்டியளா."

சொல்லிக்கொண்டே போனை எடுத்துக் கணவருக்கு ஒரு குரல்செய்தி அனுப்பிவிட்டாள். "உங்க பிள்ளைக்க ஹார்ட்டு உங்களுக்க ஹார்ட்ட விட நல்லா இருக்கு. கூட்டிட்டு வாறேன்."

அப்போதுதான் கணவரைப் பற்றிச் சொன்னாள். கேம்பிலிருந்து வந்தவர் ஒரு நாள் ரோலா வீட்டு மாடியேறும்போது பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். டியூட்டி முடிந்த பிறகு மருத்துவமனைக்கு வரச் சொல்லி, தன் மேசையிலேயே படுக்க வைத்து இவளே எக்கோ எடுத்திருக்கிறாள். இடது கீழறை பை மாதிரி பெருத்து, ஏதோ கொஞ்சம் அசைந்துகொண்டிருந்ததாம். அறுபதை ஒட்டி இருக்க வேண்டிய சுருங்கும் திறன் இருபத்தைந்து சதவீதம். "ப்ரோப்ப வச்ச கைய எடுக்கவே தோணல டாக்டர். எடுத்தா அவருக்கு சொல்லணுமே" என்றாள்.

இங்கே டாக்டர்கள் இப்போதைக்கு விமானத்தில் ஏற்றக் கூடாது என்றிருக்கிறார்கள். அவர் ஊருக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார். வீல்சேர், ஆக்ஸிஜன் எல்லாம் ஏற்பாடு செய்து, திருவனந்தபுரம் வரை அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். பிழைத்துக்கொண்டார். இப்போது நாத்தனார் பார்த்துக்கொள்கிறார். நோட்டீஸ் காலத்தை முடிக்கவும் நாயைக் கூட்டிப் போகவும்தான் இவள் திரும்பி வந்திருந்தாள். தினமும் போனில் அவர் கேட்கும் முதல் கேள்வி நாயைப் பற்றித்தானாம்.

அந்த நாய் அவர் கண்டெடுத்தது. மேல்மாடியில் இருந்த ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்து ஊருக்குப் போனபோது, அதைப் படிக்கட்டுக் கம்பியில் கட்டி, ஒரு கிண்ணம் தண்ணீரையும் தீவனப் பையையும் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இங்கே இது நடக்கிற விஷயம்தான். வேலை போகும், விசா முடியும், பள்ளிக்கூடம் முடியும். சோபாவை விற்பார்கள், காரை விற்பார்கள், நாயை விற்க முடியாது. எங்கள் கிளினிக் வாசலிலேயே கூடையில் வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. "ஒரு மாசம் பாத்துக்கோங்க டாக்டர், வந்து கூட்டிட்டுப் போறோம்" என்று நேரில் சொன்னவர்களும் உண்டு, அவர்களில் ஒருவர்கூட வந்ததில்லை. அதனால் எனக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. எந்தப் பிராணியையும் நான் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. ஒன்றுக்கு இடம் கொடுத்தால் ஒன்பது வரும்.

"ஒருத்தங்க விட்டுட்டுப் போன சாமானம் இது. நானும் விட்டுட்டுப் போனா நல்லா இருக்குமா?" என்றாள் அவள்.

இதையெல்லாம் கேட்ட பிறகு உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குக் கோபமும் வந்தது. அவள் மேல் இல்லை, அந்தக் குரல்செய்தியின் மேல். கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?

"ஏனுங்க, உங்க ஆஸ்பத்திரியில கலர் போட்டுப் பாக்காமத்தான் ரிப்போர்ட் சொல்வீங்களா?" என்றேன். சொன்ன விதம் கொஞ்சம் காரம்தான். அவள் சிரிப்பு நின்றது.

ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வண்ணத்தில் காட்டும் கலரைப் போட்டேன். கீழறை சுருங்கும்போதெல்லாம் மூடாத வால்வு வழியாக ரத்தம் மேலறைக்குள் பின்னோக்கிப் பீறிட்டது. திரையில் மேலறை முழுவதும் நீலமும் மஞ்சளுமாக வண்ணம் அடித்துக் கொட்டியது. அவளுக்கு விளக்க வேண்டிய அவசியமே இல்லை. வால்வு ஒழுகும்போது இதயம் ஓங்கி ஓங்கிச் சுருங்கும் என்பதும், அந்தச் சுருக்கத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதும் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவளே சொல்லிக் கொடுத்திருப்பாள். ஆனால் கணவரின் இதயத்தைப் பார்த்த நாளிலிருந்து, நன்றாகச் சுருங்குகிற ஒன்றைப் பார்க்க அவள் கண் பசித்துக் கிடந்தது. பசித்தவன் கண்ணுக்குப் பதம் தெரியாது.

"ஆனா ரெண்டரைதானே வந்துது?" என்றாள், மெதுவாக.

அதுதான் மனிதருக்குப் பார்த்துப் பழகியவர்கள் எல்லோரும் விழுகிற குழி. மனிதர்கள் ஒரே அச்சு, ஏறத்தாழ ஒரே அளவு. நாயில் கைப்பைக்குள் அடங்குவதும் உண்டு, கன்றுக்குட்டி அளவில் நிற்பதும் உண்டு. சென்டிமீட்டரை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் நாங்கள் அந்த நாயின் இதயத்துக்குள்ளேயே ஒரு அளவுகோலைத் தேடுவோம். பெருந்தமனி அவ்வளவு சுலபத்தில் வீங்காது. அதை அளந்து, பக்கத்தில் இருக்கும் மேலறையை அதோடு ஒப்பிடுவோம். நல்ல இதயத்தில் இரண்டும் ஏறக்குறைய அண்ணன் தம்பி போல இருக்கும், மேலறை கொஞ்சம்தான் பெரிதாகத் தெரியும்.

அவளை ஸ்டூலில் உட்கார வைத்தேன். "நீங்களே பாருங்க" என்று ப்ரோப்பைக் கொடுத்தேன். தலைகீழான மேசைக்கு அடியில் கையை விட்டு, கொஞ்சம் தடுமாறி, பிறகு பிடித்துவிட்டாள். தேர்ந்த கை. பெருந்தமனி வட்டமாக நடுவில் வந்தது, பக்கத்தில் மேலறை, காற்றடைத்த பலூனாக. அவளே இரண்டையும் அளந்தாள். தமனியைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே இருந்தது மேலறை. அவள் அழிக்கும் பொத்தானை அழுத்திவிட்டு மறுபடி அளந்தாள். அதே கணக்குத்தான் வந்தது.

"அப்போ பாதி ரத்தம் பின்னாலதான் போவுது" என்றாள். "சும்மா கெடந்து அடிக்குது, பாவம்."

பெஷாவர்க்காரருக்கு எங்கள் பேச்சு புரியாது, ஆனாலும் அவர் "பஸ் பேட்டா" சொல்வதை நிறுத்திவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார்.

மருந்துகள் எழுதினேன். நுரையீரலில் நீர் கோத்திருந்தது, அதை இறக்க ஒன்று, இதயத்துக்குத் துணையாக ஒன்று. ஒழுங்காகக் கொடுத்தால் இன்னும் நல்லபடியாகக் கொஞ்ச காலம் இருக்கும், வீட்டுக்குள், குளிர்ச்சியில், பதற்றமில்லாமல். பயணம் வேண்டாம் என்றேன்.

அவள் விடவில்லை. நான் எதிர்பார்த்ததுதான். "அவரையும் ஏத்தக் கூடாதுன்னுதான் சொன்னாவ. டாக்டர்மாரு எல்லாரும் ஒரே வாயா சொன்னாவ. நான் ஏத்தினேன். இப்போ வீட்டு முற்றத்துல ஈசிச்சேர்ல கெடந்து கடலப் பாத்துட்டு இருக்காரு. உங்க பேச்ச நான் எதுக்குக் கேக்கணும்?" என்றாள். குரல் உயர்ந்திருந்தது. வெளியே காத்திருந்தவர்கள் கதவின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எல்லா டாக்டர்களும் வேண்டாம் என்ற ஒரு பயணத்தைச் செய்து முடித்தவள். அவளுக்கு முன்னால் புள்ளிவிவரம் பேசி என்ன பயன்?

"அவரு பக்கத்துல நீங்க இருந்தீங்க" என்றேன். "கையப் பிடிச்சிட்டு இருந்தீங்க. ஆக்ஸிஜன் இருந்துச்சு. இது சரக்கு அறையில கூண்டுக்குள்ள போகும். அதுக்கு முன்னால வெயில்ல வண்டியில நிக்கும். இருட்டு, சத்தம். மூச்சு முட்டுனா அங்க யாரு இருப்பாங்க?"

அவள் திரும்பி நாயைப் பார்த்தாள். நாய் ஜெல் ஒட்டிய வயிற்றோடு எழுந்து உட்கார்ந்து, வாலை ஒருமுறை ஆட்டியது. அவள் அதன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்று அழுதாள். நான் டிஷ்யூப் பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டுத் திரையில் வேலை இருப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வேலையில் எத்தனை வருடம் இருந்தாலும் இந்த இடம் மட்டும் பழகுவதில்லை.

போன் அடித்தது. கணவர். வீடியோவில் ஒல்லியான ஒரு முகம், பின்னால் வெளிச்சமான வானம். "எப்ப வாறிய ரெண்டு பேரும்?" என்றார்.

"நான் வாறேன். அது வராது."

"நல்லா இருக்குன்னு இப்பத்தானே சொன்ன?"

"உங்களுக்குப் பாக்கற மாதிரி பாத்துட்டேன்" என்றாள். "தப்பாப் பாத்துட்டேன்."

அவர் போனை நாய்ப் பக்கம் திருப்பச் சொன்னார். நாய் அவர் குரலுக்குக் காதை நிமிர்த்தியது. "சரி மக்களே, நீயும் ஏற வேண்டாம், நானும் ஏற வேண்டாம்" என்றார் அதனிடம், அவர்கள் ஊரில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி. பிறகு அவளிடம், "அப்போ அது யாரு கூட நிக்கும்?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். அவள் தரையைத்தான் பார்த்தாள். என்னைப் பார்த்துக் கெஞ்சியிருந்தால் என் கட்டுப்பாட்டைச் சொல்லி மறுத்திருப்பேன், இத்தனை வருடமாகச் செய்த மாதிரியே.

"எங்கூட இருக்கட்டுமுங்க" என்றேன் போனைப் பார்த்து. சொன்ன பிறகுதான் வீட்டில் என்ன சொல்வார்கள் என்ற நினைப்பே வந்தது.

அவள் கிளம்புகிற அன்று காலை நாயையும் மருந்துப் பையையும் என் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். எந்த மாத்திரையை எதில் பொதிந்து கொடுத்தால் துப்பாது என்று எனக்கே பாடம் நடத்தினாள். வேகவைத்த ஈரலில் வைக்க வேண்டுமாம். அழவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "போட்டோ ஒண்ணும் வேண்டாம் டாக்டர். எக்கோ எடுக்கும்போ அந்த வீடியோவ மட்டும் அனுப்புங்க. எனக்கு அதப் பாத்தாத்தான் தெரியும்" என்றாள்.

அப்படியே செய்தேன். பரிசோதனைக்கு நாள் வரும்போதெல்லாம் நாயைக் கிளினிக்குக் கொண்டுபோய், ஓட்டை மேசையில் படுக்க வைத்து, எடுத்த வீடியோவை அனுப்புவேன். அவள் அங்கே இருந்தே திரையைப் பெரிதாக்கிப் பார்த்து, நான் கோடு போட்ட இடம் சரியில்லை என்று திருத்துவாள். ஒருமுறை சொன்னதோடு நிற்காமல் அம்புக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினாள். எனக்கு எரிச்சல், ஆனால் அவள் சொன்னதுதான் சரி. கணவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாராம். அவருக்கு எக்கோவில் ஒன்றும் தெரியாது. "என் பிள்ளைக்க ஹார்ட்டு" என்று நாத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுவாராம், நாத்தனாரோ ஏதோ கடலைக் காட்டுகிறார்கள் என்று நினைத்தாராம்.

வீட்டில் நாய் எங்கள் எல்லோரையும் அடக்கி வைத்திருந்தது. ஆங்கிலத்தைத் தவிர எதற்கும் வாய் திறக்காத என் மகள், அதனிடம் மட்டும் தமிழில் பேசினாள். அதற்குக் கன்னியாகுமரித் தமிழ்தான் புரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போல, "மக்களே, வா மக்களே" என்று கூப்பிடுவாள். நாயும் வரும்.

நாள் ஆக ஆக மேலறை கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துக்கொண்டுதான் இருந்தது. மருந்தைக் கூட்டினேன். அவள் அதைக் கண்டுபிடிக்காமல் இருக்க மாட்டாள், ஆனால் அதைப் பற்றி எழுத மாட்டாள். தமனியும் மேலறையும் சேர்ந்து தெரிகிற படத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். கீழறை சுருங்குகிற வீடியோவை மட்டும் கேட்டாள். அவர் பார்க்க வேண்டுமல்லவா என்று நானும் புரிந்துகொண்டேன்.

ஒரு நாள் மதியம், இரண்டு பூனைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. பூனைகளை அனுப்பிவிட்டுத்தான் படித்தேன். "நேத்து காலையில அவரு போயிட்டாரு டாக்டர். கஷ்டம் இல்லாம. கைய நான்தான் பிடிச்சிட்டு இருந்தேன். இனி வீடியோ பாக்க நான் மட்டும்தான். ஆனா நிறுத்திராதீங்க."

நாய்க்கு அன்று பரிசோதனை நாள் இல்லை. மகளைப் போனில் அழைத்துக் கூட்டிவரச் சொன்னேன். பெஷாவர்க்காரர் ஒன்றும் கேட்காமல் மேசையைத் துடைத்து விரிப்பைப் போட்டார். மேலறை முன்பைவிடப் பெரிதாக இருந்தது. அதை அளக்கவில்லை. கீழறையை மட்டும் எடுத்தேன். இரு பக்கச் சுவர்களும் ஓடி வந்து ஒன்றை ஒன்று தொட்டுத் தொட்டுப் பிரிந்தன. அனுப்பினேன்.

அவள் உடனே பார்த்துவிட்டாள், ஆனால் பதில் வரத் தாமதமானது.

"நல்லாத்தான் சுருங்குது டாக்டர்."

எங்கள் இருவருக்குமே எக்கோ தெரியும். ஆமாம், நல்லாத்தான் சுருங்குது என்றே நானும் எழுதினேன்.